மனம் உவந்த கொடை எது? ஹிபாவும் தகாச் செல்வாக்கும்

தமிழ்நாட்டின் சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவாகும் செட்டில்மெண்ட் பத்திரங்களைப் படித்துப் பார்ப்போர், அவற்றுள் ஏறத்தாழ ஒரே வாசகம் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பர். எழுதிக் கொடுப்பவர் சுயநினைவோடும் முழு மனச்சம்மதத்தோடும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, அன்பினாலும் பிரியத்தினாலும் இச்சொத்தை எழுதி வைக்கிறார் என்பதே அதன் சாரம். அவ்வாறு சொல்வதாகக் காட்டப்படுபவர் சொத்தின் உரிமையாளர். ஆனால் அவ்வாசகத்தை எழுதுபவர் பத்திர எழுத்தர். பல வேளைகளில் அவ்வெழுத்தரை அமர்த்துவதும், அவருக்குரிய கூலியைக் கொடுப்பதும், முதியவரை வாகனத்தில் ஏற்றி அலுவலகத்திற்கு அழைத்து வருவதும் சொத்தைப் பெறப்போகிறவரே. அங்ஙனமாயின் அவ்வாசகம் உண்மைதானா என்பதை எவ்வாறு அறிவது?

இக்கேள்வியை ஆங்கிலச் சட்டம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகிறது. நம் ஃபிக்ஹு அறிஞர்கள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறு சொற்களால் இதனை ஆராய்ந்துள்ளனர். இவ்விரு மரபுகளும் இந்திய நீதிமன்றங்களில் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பு நமக்குக் கற்பிப்பது என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். பெற்றோர் பிள்ளைகளுக்கும், கணவர் மனைவிக்கும், அத்தை தம் சகோதரர் மகனுக்கும் உயிருடன் இருக்கும்போதே சொத்துக் கொடுப்பது பழிக்கத்தக்க செயலன்று. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலவி வருகிறது. அத்தகைய கொடைகள் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. நாம் இங்கு ஆராய்வது கொடையை அன்று. கொடுக்கும் எண்ணம் அவருள் எப்படி உருவாயிற்று என்பதையே.

திறந்திருக்கும் ஒரே கதவு

முஸ்லிம் ஒருவருடைய சொத்து அவரது குடும்பத்தாரைச் சென்றடைவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது வாரிசுரிமை. திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 11, 12 ஆகிய வசனங்கள் பங்குகளை வரையறுத்துவிட்டன. அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் அதிகாரம் இல்லை. இரண்டாவது வஸிய்யத். அது சொத்தில் மூன்றில் ஒரு பங்கை மீறலாகாது. சுன்னி மத்ஹபுகளின்படி வாரிசு ஒருவருக்கு வஸிய்யத் செய்தால், ஏனைய வாரிசுகள் இசைந்தாலன்றி அது செல்லாது. மூன்றாவது ஹிபா, அதாவது உயிருள்ளபோதே கைம்மாறின்றி வழங்கும் கொடை. நல்ல உடல்நிலையில் இருக்கும் ஒருவர் தம் சொத்து முழுவதையும் தாம் விரும்பும் எவருக்கும் ஹிபாவாகக் கொடுக்கலாம். அதற்கு அளவு வரம்பு இல்லை.

பிற சமயத்தார்க்கு உயில் என்னும் கதவு அகலத் திறந்திருக்கிறது. நமக்கு அக்கதவு மூன்றில் ஒரு பங்கே திறக்கிறது. எனவே ஒரே பிள்ளைக்கு எல்லாவற்றையும் சேர்த்துவிட வேண்டும் என்று நினைப்பவரும், அவ்வாறு தமக்குச் சேர வேண்டும் என்று நினைக்கும் பிள்ளையும் நாடி வருவது ஹிபா என்னும் வாயிலையே. குடும்பத்தின் நெருக்குதல் முழுவதும் அவ்வாயிலில் வந்து குவிகிறது. ஆகவே ஹிபாவின்போது கொடுப்பவர் மனம் சுதந்திரமாக இருந்ததா என்ற ஆராய்ச்சி, மற்றெவரையும்விட முஸ்லிம் குடும்பங்களுக்கு இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை நோக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. 1988-இல் அறிவிக்கப்பட்ட சாம்பல்நிற அணில் சரணாலயம் இப்பகுதியைச் சேர்ந்தது. 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்குகிறது. காட்டை ஒட்டிய பட்டா நிலங்களில் மாவும் தென்னையும் செழித்து நிற்கின்றன. அங்கே முதியவர் ஒருவருக்கு 6 ஏக்கர் தோப்பு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவருடைய மனைவியும் பெற்றோரும் காலமாகிவிட்டனர். மகன்கள் இருவர், மகள்கள் இருவர். அவர் இறந்தால் மகன் ஒவ்வொருவருக்கும் 2 ஏக்கரும், மகள் ஒவ்வொருவருக்கும் 1 ஏக்கரும் சேரும். விவசாய நிலத்திலும் இதுவே கணக்கு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது; 1949-இல் சென்னை மாகாணம் இயற்றிய திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது.

இப்போது அம்முதியவர் மூத்த மகன் வீட்டில் தங்கியிருக்கிறார்; தோப்பை அம்மகனே பார்த்து வருகிறார். ஒருநாள் தோப்பு முழுவதும் மூத்த மகன் பெயருக்கு ஹிபாவாக எழுதப்படுகிறது. இறைவன் வகுத்த பங்குகளில் இளையவருடைய 2 ஏக்கரும், இரு பெண்மக்களுடைய 2 ஏக்கரும் ஒரே கையெழுத்தில் மறைந்துவிடுகின்றன. பெண்மக்களுக்கோ இச்செய்தி பெரும்பாலும் ஜனாஸாவுக்குப் பின்னரே தெரிய வருகிறது.

ஹிபாவின் மூன்று தூண்கள்

ஹிபா நிறைவேற மூன்று நிபந்தனைகள் உண்டு. கொடுப்பவர் அதனைத் தெளிவாக அறிவிக்க வேண்டும். பெறுபவரோ அவர் சார்பில் ஒருவரோ ஏற்க வேண்டும். சொத்து பெறுபவர் கைவசம் ஒப்படைக்கப்பட வேண்டும். இவற்றை முறையே ஈஜாப், கபூல், கப்ளு என்பர். சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882-இன் 129-ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபா விதிகளுக்குக் காப்பளிக்கிறது. இம்மூன்றும் நிறைவேறியிருந்தால் எழுத்தில் உள்ள ஹிபா பதிவு செய்யப்படாவிடினும் செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஹஃபீஸா பீபி வழக்கில் தெளிவுபடுத்தியது.

மூன்றாவது நிபந்தனையாகிய கைவச ஒப்படைப்பின் கடுமையை விளக்க ஹஸ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாறு ஒன்று போதும். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் அது பதிவாகியுள்ளது. அவர்கள் தம் மகளார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குத் தம் தோட்டத்தின் பேரீச்சம்பழ விளைச்சலில் 20 வஸக் அளவைக் கொடையாக அறிவித்திருந்தார்கள். ஆனால் அன்னையார் அதனைப் பறித்துத் தம் வசப்படுத்திக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி) அவர்கள் இறுதி நோயில் இருந்தபோது மகளாரை அழைத்து, வசப்படுத்தியிருந்தால் அது உமக்கே உரியதாயிருக்கும், இன்றோ அது வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிட்டது, இறைவேதத்தின்படி பங்கிட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்துப்படக் கூறினார்கள். தம் அன்பு மகளுக்குக் கொடுத்த வாக்கையும் வாரிசுகளின் உரிமைக்கு முன் அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். கப்ளு என்பது வெறும் சடங்கன்று என்பது இதனால் விளங்கும்.

கைவச ஒப்படைப்பு ஊரறிய நிகழும் செயல். மாங்காய்க் குத்தகைதாரரிடம் இனிப் பணத்தை இன்னாரிடம் கொடு என்று சொல்ல வேண்டும். பட்டா மாற வேண்டும். பம்புசெட்டின் மின் இணைப்பு பெயர் மாற வேண்டும். தேங்காய் வெட்டும் ஆட்களுக்குக் கூலி கொடுப்பவர் மாற வேண்டும். இவை யாவும் நடக்கும்போது செய்தி வெளிப்படும். மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பர். கொடுப்பவரும் தாம் இழப்பது என்ன என்பதை உணர்வார். இவ்வகையில் கப்ளு கொடுப்பவருக்கு ஒரு பாதுகாப்பாகவும் விளங்குகிறது.

ஆயின் நாம் கூறிய எடுத்துக்காட்டில் தோப்பு ஏற்கெனவே மூத்த மகன் மேற்பார்வையில் இருக்கிறது. குத்தகைப் பணம் வாங்குபவரும், கூலி கொடுப்பவரும் அவரே. கொடைக்கு முன்னும் பின்னும் வெளித்தோற்றத்தில் மாற்றம் எதுவும் தெரியாது. கைவசம் ஒப்படைக்கப்பட்டது என்று நிறுவுவது மகனுக்கு எளிது. தந்தை உண்மையிலேயே ஒப்படைத்தாரா என்று அறிவது பிறருக்கு அரிது. பெறுபவரே நிர்வாகியாக இருக்கும் இடத்தில் இந்தப் பாதுகாப்பு நலிந்துவிடுகிறது.

வற்புறுத்தல், நோய், சார்பு

சுதந்திரமற்ற மனத்தால் செய்த கொடையை ஃபிக்ஹு அறிஞர்கள் கவனிக்காமல் விடவில்லை. அச்சுறுத்திப் பெற்ற கொடையை இக்ராஹ் என்னும் தலைப்பின்கீழ் ஆராய்ந்தனர். மரண நோயில் வழங்கும் கொடையை மர்ளுல் மவ்த் என்னும் தலைப்பின்கீழ்க் கொணர்ந்து, அதனை வஸிய்யத்தின் வரம்புக்குள் அடக்கினர். அந்நோயில் இருப்பவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க இயலாது. வாரிசு ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் இசைய வேண்டும். மரணப்படுக்கையில் இருப்பவரைச் சூழ்ந்து நிற்போரின் செல்வாக்கை இவ்விதி பெரிதும் பயனற்றதாக்குகிறது.

அச்சுறுத்தலும் இல்லை, மரண நோயும் இல்லை என்ற நிலை ஒன்று உண்டு. முதுமை, கண்பார்வைக் குறைவு, எழுத்தறிவின்மை, தனிமை ஆகியவற்றால் ஒருவர் இன்னொருவரையே முழுவதும் சார்ந்திருக்கிறார். மருந்து வாங்கித் தருபவரும், வங்கிக்குச் சென்று வருபவரும், செய்தி சொல்பவரும் ஒருவரே. அவரை மறுத்தால் நாளை நம்மை யார் பார்ப்பார் என்ற அச்சம் வாய்விட்டுச் சொல்லப்படாமலேயே செயல்படுகிறது. இங்கு மிரட்டல் தேவையில்லை. முகம் சுளித்தாலே போதும். இந்நிலையைத்தான் ஆங்கிலச் சட்டம் தகாச் செல்வாக்கு என்று பெயரிட்டுத் தனியே ஆராய்ந்தது.

ஆங்கிலச் சட்டம் கேட்ட கேள்வி

1807-இல் முடிவுற்ற ஹ்யூகுனின் எதிர் பேஸ்லி வழக்கில் கைம்பெண் ஒருவர் தம் சொத்துக்களை நிர்வகித்து வந்த பாதிரியாருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் கொடை எழுதியிருந்தார். அதனைத் தள்ளுபடி செய்த எல்டன் பிரபு, தாம் செய்வது இன்னதென்று அப்பெண்மணி அறிந்திருந்தாரா என்பதன்று கேள்வி, அந்த எண்ணம் அவருள் எவ்வாறு உண்டாக்கப்பட்டது என்பதே கேள்வி என்ற கருத்தை நிலைநாட்டினார். சுயநினைவு ஒன்று, சுயவிருப்பம் மற்றொன்று. பத்திர வாசகம் முன்னதை மட்டுமே காட்ட வல்லது.

1887-இல் ஆல்கார்டு எதிர் ஸ்கின்னர் வழக்கு இக்கோட்பாட்டுக்கு வடிவம் கொடுத்தது. கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்த பெண்மணி தம் செல்வத்தை மடத்தலைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்னர் மடத்தை விட்டு விலகினார். செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தியது நேரடியாக மெய்ப்பிக்கப்படும் வழக்குகள் ஒருவகை. உறவின் தன்மையாலேயே அத்தகைய செல்வாக்கு இருந்ததாக ஊகிக்கப்படும் வழக்குகள் மற்றொருவகை என்று நீதிபதிகள் பிரித்தனர். அறிவீனத்தால் ஒருவர் தம் செல்வத்தை இழப்பதைத் தடுப்பது சட்டத்தின் வேலையன்று. பிறர் அவரை ஏமாற்றுவதைத் தடுப்பதே அதன் வேலை என்றும் விளக்கினர். ஆயினும் அப்பெண்மணி மடத்தை விட்டு விலகிப் பல ஆண்டுகள் வாளாவிருந்ததால் வழக்கில் தோற்றார். காலம் தாழ்த்துவோருக்கு இது ஓர் எச்சரிக்கை.

2001-இல் எட்ரிட்ஜ் வழக்கில் பிரபுக்கள் அவை இக்கோட்பாட்டைச் சீர்படுத்தியது. நம்பிக்கைக்குரிய உறவு இருந்து, விளக்கம் கோரி நிற்கும் கொடையும் இருந்தால், பெற்றவரே விளக்கம் தர வேண்டும் என்பது அதன் சுருக்கம். பேரப்பிள்ளைக்குப் பெருநாள் பரிசளிப்பதற்கு விளக்கம் தேவையில்லை. இருக்கும் ஒரே வீட்டை எழுதிக் கொடுப்பதற்குத் தேவை.

இரண்டு முதிய பெண்மணிகள்

இக்கோட்பாடு முஸ்லிம் குடும்பங்களில் எவ்வாறு செயல்பட்டது என்பதை இரு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தால் விளங்கும். இரண்டிலும் கொடுத்தவர் முதிய முஸ்லிம் பெண்மணி. இரண்டிலும் பெற்றவர் உடன்பிறந்தார் மகன்.

முதல் வழக்கு 1905-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பான ஹுமைரா பீபி வழக்கு. ஒரு பெண்மணி, தாம் மகனைப் போல வளர்த்த உடன்பிறந்தார் மகனுக்கு, இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவர் அவ்வீட்டை விட்டு வெளியேறவில்லை. எனினும் சொத்து பெற்றவர் பெயருக்கு மாற்றப்பட்டது. வாடகையும் அவர் பெயரிலேயே வசூலிக்கப்பட்டது. கொடுத்தவர் வெளியேறித்தான் ஒப்படைக்க வேண்டும் என்பதில்லை. உரிமையை விட்டுக்கொடுக்கும் எண்ணம் செயலில் தெளிவாக வெளிப்பட்டால் போதும் என்று நீதிமன்றம் கொடையை நிலைநிறுத்தியது.

இரண்டாவது சிங்கப்பூரிலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்று, 1929-ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வெளியான இஞ்சே நோரியா எதிர் ஷெய்க் அலி பின் உமர் வழக்கு. எழுதப் படிக்கத் தெரியாத முதிய மலாய்ப் பெண்மணி ஒருவர், தம் அலுவல்கள் அனைத்தையும் நிர்வகித்து வந்த உடன்பிறந்தார் மகனுக்குச் சிங்கப்பூரிலிருந்த நிலபுலன்களைக் கொடையாக எழுதினார். வழக்கறிஞர் ஒருவர் பத்திரத்தை அவருக்கு விளக்கினார். அவ்வழக்கறிஞர் நேர்மையானவர் என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆயினும் கொடை தள்ளுபடியாயிற்று. கொடுக்கப்படுவது அப்பெண்மணியின் ஏறத்தாழ முழுச் சொத்தும் என்பது வழக்கறிஞருக்குத் தெரியாது. உயிருள்ளபோதே கொடுக்காமல் உயில் வழியாகவும் கொடுக்கலாம் என்பதை அவர் எடுத்துரைக்கவும் இல்லை. முழு விவரம் அறியாதவர் கூறும் அறிவுரை, சுதந்திரமான அறிவுரை ஆகாது என்று ஹெய்ல்ஷாம் பிரபு தீர்ப்பளித்தார்.

ஒரு கொடை நின்றது, மற்றொன்று வீழ்ந்தது. உறவின் நெருக்கம் இரண்டிலும் ஒன்றே. முன்னதில் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி கைவசம் மாறியதா என்பது. பின்னதில் நின்ற கேள்வி மனம் சுதந்திரமாக இருந்ததா என்பது. ஒவ்வொரு ஹிபாவும் இவ்விரு கேள்விகளுக்கும் விடை கூற வேண்டும் என்பதே இவை இணைந்து கற்பிக்கும் பாடம். ஏற்கெனவே நானே தோப்பைப் பார்த்து வந்தேன் என்று மகன் சொல்வது முதற்கேள்விக்கு நல்ல விடை. அதே வாக்குமூலம் இரண்டாவது கேள்வியில் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. அவர் நிர்வாகியாயிருந்தார் என்பதே தந்தையின் மனத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்தார் என்பதற்குச் சான்றாகிவிடக்கூடும்.

உயில் வழியாகக் கொடுக்கலாம் என்ற அறிவுரை நம் நாட்டு முஸ்லிமுக்கு அப்படியே பொருந்தாது என்பதை வாசகர்கள் உடனே கவனித்திருப்பர். வஸிய்யத்தின் வரம்பு அதனைத் தடுக்கிறது. எனவே நம்மவருக்கு அறிவுரை கூறுவோர் வேறொன்றைச் சொல்ல வேண்டும்: எதுவும் எழுதாமல் விட்டாலும் உங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் இறைவன் பங்கு வகுத்திருக்கிறான் என்பதை.

இந்தியச் சட்டத்தில்

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 16-ஆம் பிரிவு இக்கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டமாக்கியது. 1899-இல் அது திருத்தி எழுதப்பட்டது. ஒருவர் மற்றவருடைய விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து, அந்நிலையைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் பெற்றால் அது தகாச் செல்வாக்கு. அதிகாரமோ நம்பிக்கைப் பொறுப்போ உள்ளவர், முதுமையாலும் நோயாலும் மனத்திறன் குன்றியவருடன் கொடுக்கல் வாங்கல் செய்பவர் ஆகியோர் அந்நிலையில் இருப்பதாகக் கருதப்படுவர். மற்றவர் தம்மீது வைத்த நம்பிக்கையைக் கொண்டு ஆதாயம் பெற்றவரே தம் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 111-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் இது 114-ஆம் பிரிவாக உள்ளது.

இச்சட்டங்கள் வருமுன்பே, 1867-இல் பிரிவி கவுன்சில் முன்ஷி புஸ்லூர் ரஹீம் எதிர் ஷம்சுன்னிஸா பேகம் வழக்கில் இதே வழியைக் காட்டியிருந்தது. மனைவிக்குச் சொந்தமான கம்பெனிக் கடன் பத்திரங்கள் அவருடைய கையொப்பத்துடன் கணவர் கைக்கு மாறியிருந்தன. கோஷாப் பெண்மணியின் கையொப்பம் இருக்கிறது என்பது போதாது. கொடுக்கல் வாங்கல் நேர்மையானது என்பதைக் கணவர்தாம் நிறுவ வேண்டும் என்று கவுன்சில் கூறியது. இஸ்லாம் மனைவிக்கு வழங்கிய தனிச் சொத்துரிமையை இத்தீர்ப்பு மெய்யாகக் காத்தது எனலாம்.

எனினும் உறவு நெருக்கமானது என்பதாலேயே எல்லாக் கொடைகளையும் ஐயுறுதல் கூடாது. தாத்தா பேரனுக்கு எழுதிய கொடை பற்றிய சுபாஷ் சந்திர தாஸ் வழக்கில் 1966-இல் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. பெற்றவர் ஆட்டிவைக்கும் நிலையில் இருந்தாரா, அந்நிலையைக் கொண்டு நியாயமற்ற ஆதாயம் பெற்றாரா என்ற இரு கேள்விகளுக்கும் விடை காண வேண்டும். முதுமையும் உறவும் மட்டுமே தகாச் செல்வாக்குக்குச் சான்றாகா. மாறாக, 2003-இல் தீர்ப்பான கிருஷ்ண மோகன் குல் வழக்கில் எழுதிக் கொடுத்தவருக்கு 100 வயதுக்கு மேலாகியிருந்தது. அவர் வாத நோயாளி. அங்கே மெய்ப்பிக்கும் சுமை பெற்றவர்மீது வைக்கப்பட்டு, பத்திரம் நிற்கவில்லை.

பெற்றோரை உண்மையிலேயே பேணும் பிள்ளைக்கு இவ்விதி அநீதி இழைக்கவில்லை. இரவு பகலாகப் பணிவிடை செய்த மகளுக்குத் தந்தை நன்றியோடு ஒரு வீட்டைக் கொடுப்பது தகாச் செல்வாக்கு அன்று. சமத்துவத்தைக் கடமையாக்கிய ஹன்பலி மத்ஹபின் அறிஞர் இப்னு குதாமா அவர்களும், நோய், பெரிய குடும்பம், கல்விப் பணி போன்ற காரணங்களுக்காக ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்க இடமளித்துள்ளார்கள். காரணம் வெளிப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா?

தந்தை பிள்ளைக்குக் கொடுத்த ஹிபாவைத் திரும்பப் பெறலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. தமிழகக் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின்படி தந்தைக்கு அவ்வுரிமை உண்டு. உள்நாட்டு ஊர்களில் ராவுத்தர் பெருமக்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின்படி, மணம் விலக்கப்பட்ட நெருங்கிய இரத்த உறவினருக்கும், கணவன் மனைவியருக்கும் இடையே ஒப்படைப்பு முடிந்த ஹிபா திரும்பாது. ஆகவே நாம் கண்ட தோப்பின் உரிமையாளர் ஹனஃபியாயின், விரும்பிக் கொடுத்த ஹிபாவை மனம் மாறியதாலேயே மீட்க இயலாது. அதனாலேயே எழுதுமுன் சிந்திப்பது அவருக்கு இருமடங்கு தேவையாகிறது.

சுதந்திரமான விருப்பமின்றிப் பெறப்பட்ட கொடையின் நிலை வேறு. அதனை உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்து ரத்துச் செய்யக் கோரலாம். விருதுநகர் மாவட்டத்தாருக்கு முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே உள்ளது. உண்மைகளை அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். சார்பதிவாளரிடம் சென்று ஒருதலையாக ரத்துப் பத்திரம் எழுதிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். பொதுவாக அது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் அறிவித்துள்ளது.

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007 மற்றொரு வழியைத் திறந்துள்ளது. 60 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் எல்லாச் சமயத்தார்க்கும் இது பொருந்தும். தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, பெற்றவர் பேண மறுத்தால், அக்கொடை மோசடி, வற்புறுத்தல் அல்லது தகாச் செல்வாக்கால் பெறப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது இதன் 23-ஆம் பிரிவு. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் அதனைச் செல்லாதெனச் சொல்லலாம். பின்னர் நிகழ்ந்த புறக்கணிப்பைக் கொண்டு முன்னர் நிகழ்ந்த கொடையின் தன்மையைச் சட்டம் தீர்மானிப்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

ஆனால் நிபந்தனை இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், மகன் தந்த எழுத்துறுதியை ஏற்று, சட்டத்தின் நன்னோக்கத்தை விரிவாகப் பொருள்கொண்டு, தாயிடமே சொத்தைத் திரும்ப ஒப்படைக்க ஆணையிட்டது. 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் மாவட்ட வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதியதாகக் கூறும் பத்திரத்தில் பேணும் நிபந்தனை உள்ளுறையாக அடங்கியிருக்கிறது என்றது. இருப்பினும் நிபந்தனையை வெளிப்படையாக எழுதிவிடுவதே அறிவுடைமை.

நிபந்தனை எழுதினால் ஹிபா கெட்டுவிடுமோ என்ற ஐயம் சிலருக்கு எழலாம். இதற்கும் 1867-ஆம் ஆண்டே விடை தருகிறது. அம்ஜத் அலி கான் வழக்கில் தந்தை கடன் பத்திரங்களை மகனுக்குக் கொடுத்துவிட்டு, அவற்றின் வட்டி வருமானம் தம் ஆயுள்வரை தமக்கே வர வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். அக்கொடையும் செல்லும், ஏற்பாடும் செல்லும் என்றது பிரிவி கவுன்சில். பொருளின் உரிமை வேறு, அதன் பயன் வேறு என்ற வேறுபாட்டை அது ஏற்றது. தோப்பைக் கொடுப்பவர் மாங்காய்க் குத்தகையின் வருமானம் தம் ஆயுள்வரை தமக்கு வருமாறு உறுதி பெறுவதற்கு இதில் வழி இருக்கிறது.

எழுதுமுன்

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறைகள் தெளிவாகின்றன. கொடுப்பவர் தாம் தேர்ந்தெடுத்த வழக்கறிஞரைத் தம் செலவில், பெறுபவர் உடனில்லாத நேரத்தில் சந்திக்க வேண்டும். தம் முழுச் சொத்து எவ்வளவு, அதில் கொடுக்கப்படுவது எவ்வளவு, கொடுத்தபின் தமக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். குடியிருக்கும் வீட்டைக் கூடியவரை தம் பெயரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பேணுதலும் வருமானமும் பற்றிய உறுதியைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பதாயின் காரணத்தை எழுதி, மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்துச் செய்ய வேண்டிய ஹிபா என்றால், அதனைச் செய்யாமலிருப்பதே நன்று.

பெறுபவருக்கும் இதில் நன்மை உண்டு. நேர்மையாகப் பெற்ற மகன் அல்லது மகள், பெற்றவர் மறைந்தபின் உடன்பிறந்தாருடன் நீதிமன்றப் படியேறாமல் இருக்க இவையே காப்பு. தகாச் செல்வாக்கு வழக்குகளில் சொத்தைவிட விரைவாக அழிவது உடன்பிறப்பு உறவே.

சாட்சியின் பொறுப்பு

நபித்தோழர் நுஃமான் பின் பஷீர் (ரலி) அவர்கள் இளம் வயதில் தமக்கு நேர்ந்ததாக அறிவித்த நிகழ்ச்சி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. அவருடைய அன்னையார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) தம் மகனுக்குக் கொடை ஒன்று வழங்குமாறு கணவரைக் கேட்டார்கள். தந்தையார் ஓராண்டு தள்ளிப்போட்டுப் பின்னர் இசைந்ததாக முஸ்லிமின் ஓர் அறிவிப்பு கூறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வேண்டும் என்று அன்னையார் விரும்ப, தந்தையார் நபியவர்களிடம் சென்றார்கள். உம் பிள்ளைகள் அனைவருக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்ற விடை கேட்டதும் சாட்சியாக இருக்க மறுத்து, பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு அறிவுறுத்தினார்கள். தந்தையார் திரும்பிச் சென்று கொடையை மீட்டுக்கொண்டார்கள். இதனைக் கொண்டு பிள்ளைகளிடையே சமமாகக் கொடுப்பது கடமை என்று ஹன்பலி அறிஞர்களும், விரும்பத்தக்கது என்று ஏனைய மூன்று மத்ஹபினரும் கூறுவர்.

அங்கே கொடுப்பவரும் குற்றவாளி அல்லர். கேட்டவரும் தாய்ப்பாசத்தால் கேட்டவரே. ஆயினும் சாட்சியாக வர வேண்டியவர் கேட்ட ஒரே கேள்வி ஓர் ஆண்டு நீண்ட குடும்ப விவகாரத்தைத் தீர்த்துவைத்தது. இன்று செட்டில்மெண்ட் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்திடுவோர் யார்? ஜமாஅத் நிர்வாகிகள், பள்ளிவாசல் இமாம்கள், பக்கத்து வீட்டார், உறவினர்கள், அதாவது நாம்தாம். கையெழுத்து ஒரு சம்பிரதாயம் என்றெண்ணிப் படித்துப் பாராமலே இடுகிறோம். நீதிமன்றமோ பல ஆண்டுகள் கழித்து, எழுதியவர் உயிருடன் இல்லாத காலத்தில், அவர் மனம் எப்படியிருந்தது என்று தேட வேண்டியிருக்கிறது. முதியவர் முன்னால் அமர்ந்திருக்கும்போதே, அவரைத் தனியே அழைத்துக் கேட்கும் வாய்ப்பு சாட்சிக்கு மட்டுமே உள்ளது. மற்றப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பதற்குச் சட்ட அறிவு எதுவும் வேண்டியதில்லை. விடை நெஞ்சுக்கு நிறைவளிக்கவில்லையாயின், பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.